அரிசிப் பானையும் சீனர் மருந்துக் கடையும்



"பிள்ளைக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஓடி விளையாடினால் மயக்கம் வருகிறது" என்று ஒரு தாய் வாசலில் நின்று சொன்னால், கேட்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒருவர் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்வார். இன்னொருவர் திருநீறு போட்டு மந்திரிக்கச் சொல்வார். மூன்றாமவர், "சீனர் மருந்துக் கடையில் ஒரு வேர் இருக்கிறது, வாங்கி அவித்து இரண்டு வேளை கொடு, சரியாகிவிடும்" என்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, நம்மவர்களில் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பிறகும் செமோர் வட்டாரத்தில் இந்த மூன்று யோசனைகளும் அப்படியே இருக்கின்றன.

மூன்றாவது யோசனையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதைக் கேலி செய்யும் எண்ணம் நமக்கு இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில் தமிழரும் சீனரும் நூறாண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஈயச் சுரங்கத்தில் மண்ணைக் கரைத்தார்கள். நாம் பால்மரம் சீவினோம். ஒரே கடைத்தெருவில் அரிசி வாங்கினோம். ஆனால் ஒரே அரிசியை வாங்கவில்லை. இந்தச் சிறிய வேற்றுமைக்குள் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. அது இதயத்தின் வரலாறு, உணவின் வரலாறு, மூலிகைக்கு எவ்வளவு தூரம் சக்தி உண்டு, எங்கே அதன் சக்தி முடிகிறது என்பதன் வரலாறு.

முதலில் சீன வைத்தியத்தைப் பார்ப்போம். நம் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பது போலவே சீன வைத்தியரும் மூன்று விரல் வைத்துத்தான் பார்க்கிறார். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாங் சூஹே என்பவர் நாடிகளை இருபத்து நான்கு வகையாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார. அவற்றுள் மூன்று, ஒழுங்கு தவறிய துடிப்புக்கு உரியவை. வேகமாக ஓடி இடையிடையே நின்றுபோகும் நாடி ஒன்று. மெதுவாக நடந்து இடறும் நாடி ஒன்று. எண்ணி வைத்தாற்போல் குறித்த இடைவெளியில் ஒரு துடிப்பை விழுங்கிவிடும் நாடி ஒன்று. கடிகாரமோ கருவியோ இல்லாத காலத்தில் விரல் நுனியால் இவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது வியப்புக்குரியது.

வாங் சூஹேக்குச் சற்று முன் வாழ்ந்த சாங் சோங்சிங் என்ற வைத்தியர், இடறும் நாடிக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் ஒரு கஷாயம் எழுதி வைத்தார். சுமார் 1,800 ஆண்டுகள் பழமையான அந்தக் கஷாயம் இன்றும் சீனர் மருந்துக் கடைகளில் கட்டித் தரப்படுகிறது. அதன் தலைமைச் சரக்கு எது தெரியுமா? நம் வீட்டில் இருமலுக்குத் தட்டிப் போடுகிறோமே, அதே அதிமதுரம். தேன் சேர்த்து வறுத்தது. கூடவே ஜின்செங், இஞ்சி, கருவாமரத்தின் இளங்குச்சி, உலர்ந்த சீன இலந்தை, கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை முதலியன சேரும். அதிமதுரத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சின் பின்பகுதியில் அது மறுபடியும் வரும்.

இந்த வைத்தியம் நம் பேராக் மாநிலத்துக்கு ஈயத்தோடு வந்தது. 1879-ல் ஈப்போவுக்குத் தெற்கே உள்ள கோப்பெங் பட்டணத்தில் யூ காங் என்ற சுரங்க முதலாளி ஒரு மூலிகைக் கடை திறந்தார். தம் கூலிகள் நோய்க்கும் உடல்வலிக்கும் அபினை நாடி அழிவதைக் கண்டு, அவர்களுக்கு மருந்து கிடைக்கட்டும் என்று தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கடைதான் பின்னர் யூ யான் சாங் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. உலகப் பெயர் பெற்ற ஒரு மருந்து வாணிகம் நம் பக்கத்துப் பட்டணத்தில், சேற்றுக்குள் நின்று வேலை செய்த கூலிக்காரனுக்காகப் பிறந்தது என்பது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்தக் கூலிக்காரனைக் கொன்ற ஒரு நோய் இருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் சரியான மருந்து இல்லை. அதன் பெயர் பெரிபெரி.

முதலில் கால் மரத்துப் போகும். பிறகு வீங்கும். அழுத்தினால் குழி விழும். மாடிப்படி ஏறினாற்போல் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும். நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும், இதயம் பெரிதாகும். ஒரு நாள் வேலைக்கு நடந்து போனவன் மறு நாள் விழுந்து இறந்து கிடப்பான். சீன நூல்கள் இதனைக் "கால் வாயு" என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தன. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற பேரறிஞர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, சீனருக்கு இது புதிய நோய் அன்று. புதியது எதுவென்றால், நீராவி ஆலை தீட்டிய வெள்ளை வெளேர் என்ற அரிசி. சயாமிலிருந்து கப்பல் கப்பலாக வந்த அந்த அரிசியைத்தான் சுரங்கக் கொட்டகைகளில் வடித்துக் கொட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் சீனச் சுரங்கத் தொழிலாளர்களைப் பெரிபெரி கொத்துக் கொத்தாகக் கொண்டு போனது.

அதே மழை, அதே கொசு, அதே தண்ணீர். பக்கத்துத் தோட்டத்து லயங்களில் இருந்த தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. தாமே நெல் குற்றிச் சாப்பிட்ட மலாய்க் கிராமத்தாருக்கும் பெரும்பாலும் வரவில்லை. இது ஏன் என்று ஊன்றிக் கேட்டவர் நெகிரி செம்பிலானில் அரசாங்க அறுவை மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன். அவர் மருந்துச் சீட்டைப் பார்க்கவில்லை. அரிசிப் பானையைப் பார்த்தார். சீனர் பானையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் பானையில் வங்காளத்திலிருந்தும் இந்தியாவின் பிற துறைகளிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. மலாய்க்காரர் பானையில் அன்றாடம் குற்றிய கைக்குத்தல் அரிசி. 1907-ல் அவர் ஒரு பெரிய நூலே எழுதினார். பழைய அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு ஊறுகிறது என்பது அவர் முடிவு. காரணம் தவறாகப் போயிற்று. ஆனால் அவர் சுட்டிக் காட்டிய இடம் மிகச் சரி.

அதே காலத்தில் கோலாலம்பூரில் இன்னொரு மருத்துவர், வில்லியம் பிளெட்சர், ஒரு சோதனை செய்தார். இடம், கோலாலம்பூர் மனநோய் விடுதி. நமக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-ல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகள் அனைவரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடமிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வங்காளப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டு சென்றது. பச்சரிசி உண்ட 120 பேரில் கால் பங்குக்கும் மேலானவர்களுக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இரண்டே பேருக்கு நோய். அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனையைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். புகழத்தக்கதுதான். ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரை யாரும் சம்மதம் கேட்கவில்லை. வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே உயிரைத் தீர்மானித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று அப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

அதற்குப் பின் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களிடம் இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். இரண்டு கூட்டம், இரண்டு அரிசி. வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் வந்ததும் அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. மறு கூட்டத்துக்கு வெள்ளையரிசி கொடுத்தபோது அங்கே நோய் தலைகாட்டிற்று. பிறகு ஆலையில் வீணாகக் கழிக்கப்பட்ட தவிட்டை எடுத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, காக்கும் பொருள் தவிட்டில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். 1910-ல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரிக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டது.

பாடப் புத்தகங்களில் ஜாவாவின் பத்தாவியாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகளின் கதை வருகிறது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் தள்ளாடி விழுந்தன. பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று புதிதாக வந்த சமையற்காரர் மறுத்துவிட, கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறிப் பிழைத்தன. 1929-ல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கதைதான். ஆனால் கோழிக் கூண்டுக்கு அடுத்தபடியாக உலகத்துக்குச் சான்று சொன்னது மலாயாத் தமிழனின் சோற்றுப் பானை என்பதை நம் புத்தகங்கள் எங்கும் எழுதவில்லை.

புழுங்கலரிசிக்கு அப்படி என்ன சிறப்பு? நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துக் குற்றுவது புழுங்கல். தவிட்டில் உள்ள தயாமின் என்னும் பி-1 வைட்டமின் தண்ணீரில் கரையக்கூடியது. ஊறும்போதும் அவியும்போதும் அது தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பச்சரிசியில் அது தவிட்டோடு ஆலைக் குப்பைக்குப் போய்விடும். நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் சக்தியாக மாற்றுவதற்குத் தயாமின் வேண்டும். கைக்கும் காலுக்கும் ஓய்வு உண்டு. இதயத்துக்கு ஓய்வே இல்லை. ஆகையால் தயாமின் குறைந்தால் முதலில் தடுமாறுபவற்றில் இதயமும் ஒன்று. 1926-ல் பத்தாவியாவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1936-ல் செயற்கையாகச் செய்து காட்டியவர் அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்த ஊர் இந்தியாவின் நெல்லூர்! நெல்லின் பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்தவர் நெல்லின் உயிர்ச்சத்தைச் செய்து காட்டினார். ஆனால் அந்த நெல்லூருக்கு வடக்கே, பச்சரிசி உண்ட ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி இருந்தது. தெற்கே புழுங்கல் உண்ட தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் இல்லை.

இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் வைட்டமின் அறிந்து புழுங்கல் உண்ணவில்லை. ஊர்ப் பழக்கம், நாக்குப் பழக்கம். பெரிபெரியிலிருந்து தப்பியவர்களை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் தோட்டந்தோறும் புதைத்தன.

இனிப் பிள்ளைகளிடம் வருவோம். பெரிபெரியின் மிகக் கொடிய முகம் கைக்குழந்தைகளிடம் தெரிந்தது. தாய்க்குத் தயாமின் குறைந்தால் அவள் பாலிலும் குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருப்பது, திடீரென்று பால் குடிக்க மறுக்கும். வாந்தி எடுக்கும். அழும்; ஆனால் சத்தம் வராது. நாடி பறக்கும், உதடு நீலம் பாரிக்கும், சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடும். மணிலாவில் தவிட்டுச் சாற்றைக் காய்ச்சி இத்தகைய குழந்தைகளுக்குப் புகட்டிக் காப்பாற்றினார்கள். தயாமின் ஊசி வந்தபின், சாகக் கிடந்த குழந்தை சில மணி நேரத்தில் தாயிடம் பால் குடிப்பதை மருத்துவர்கள் பார்த்தார்கள். உணவினால் வந்த இதயக் கோளாறு உணவுச் சத்தினாலேயே அவ்வளவு விரைவாகத் தீர்கிறது.

நம் நாட்டில் இந்த நோய் மறுபடி பெருகியது 1942 முதல் 1945 வரையிலான ஜப்பான்காரன் காலத்தில். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கில் மாவு உண்டு, தயாமின் மிகக் குறைவு. அந்த ஆட்சியின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் கைக்குழந்தைகளுக்குப் பெரிபெரி வந்ததை டாக்டர் ஜி. ஹரிதாஸ் என்ற குழந்தை மருத்துவர் குறித்து வைத்து 1947-ல் வெளியிட்டார். சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்டத்து மக்களும் அங்கே வயிற்றுப்போக்கு, காலரா, மலேரியாவோடு பெரிபெரியாலும் மாண்டார்கள்.

முடிந்துபோன கதை என்று எண்ண வேண்டாம். லாவோஸ் நாட்டில் பிள்ளை பெற்ற தாய்மார் கடும் பத்தியம் இருந்து பெரும்பாலும் ஒட்டரிசிச் சோற்றையே உண்பதால் கைக்குழந்தைப் பெரிபெரி இந்த நூற்றாண்டிலும் காணப்பட்டது. 2003-ல் இஸ்ரேலில் ஒரு நிறுவனத்தின் சோயா பால்மாவில் தயாமின் சேராமல் போக, அதை மட்டுமே குடித்த குழந்தைகள் நோயுற்றன, சில இறந்தன. நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்கிறோம். பூண்டு, மிளகு, சுறாப்புட்டு என்று நல்லவை அதில் உண்டு. ஆனால் "பயறு வாயு, முட்டை சூடு, கீரை குளிர்ச்சி" என்று ஒவ்வொன்றாகக் கழித்து வெறும் வெள்ளைச் சோறும் ரசமுமாக நாற்பது நாள் ஓட்டுவது, தாயின் பாலையும் குழந்தையின் இதயத்தையும் சேர்த்துப் பட்டினி போடுவதாகும். இப்பொழுது நம்மவர் பலரும் சயாம் வெள்ளையரிசிக்கு மாறிவிட்டோம் என்பதையும் மறக்கக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவில் ஒரு மருத்துவர் பச்சைப்பயறு கொடுத்தே பெரிபெரியைத் தடுத்தார். அந்தப் பயறு இன்றும் எல்லா மளிகைக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது.

இனி மூலிகைக்குத் திரும்புவோம். "மூலிகைக்கு ஒன்றும் சக்தி இல்லை" என்று சொல்பவர் வரலாறு அறியாதவர். இதயத்தின் மீது நேராக வேலை செய்யும் மருந்துகள் பல செடியிலிருந்தே வந்தன. இங்கிலாந்தில் ஒரு நாட்டு வைத்தியக் கிழவி உடல் வீக்கத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகளைச் சேர்த்துக் கஷாயம் வைத்துவந்தாள். வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், அவற்றுள் வேலை செய்வது ஒரு செடிதான் என்று கண்டுபிடித்து 1785-ல் நூல் எழுதினார். அதிலிருந்து வந்த டிஜிட்டாலிஸ் வகை மருந்து இன்றும் சில இதய நோய்ப் பிள்ளைகளுக்குத் துளி அளவில் கொடுக்கப்படுகிறது. துளி கூடினால் அதுவே துடிப்பைக் குலைக்கும். நம் வேலியோரத்து அரளிக்குள் இருப்பதும் அதே இனத்து நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் தோட்டங்களில் மலேரியாவுக்காக டிரெசர் கொடுத்த கொயினாவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், கசப்பு அப்படி. 1912-ல் ஒரு டச்சு வணிகர் வெங்கெபாக் என்ற இதய மருத்துவரிடம், "என் நாடி தாறுமாறாக ஓடும்போது கொயினா சாப்பிட்டால் ஒழுங்காகிவிடுகிறது" என்றார். மருத்துவர் முதலில் நம்பவில்லை. மறு நாள் வணிகர் ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். அதன் தொடர்ச்சியாக 1918-ல் அதே சின்கோனா மரப்பட்டையின் இன்னொரு சத்தான குயினிடின், துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தாக ஆயிற்று.

சீனர் மருந்துக் கடைக்கும் இதே நியாயம் பொருந்தும். சக்தி உண்டு, ஆகவே ஆபத்தும் உண்டு. மாஹுவாங் என்ற செடி மூச்சுத் திணறலுக்கும் சளிக்கும் பயன்பட்டது. 1885-ல் ஜப்பானியரான நாகாய் அதிலிருந்து எபிட்ரின் என்ற சத்தைப் பிரித்தார். அது மூச்சுக் குழலை விரிக்கும். கூடவே இதயத்தைச் சவுக்கால் அடித்தாற்போல் ஓட வைக்கும். 2004-ல் அமெரிக்க அரசாங்கம் அது சேர்ந்த உணவுத் துணைப்பொருள்களைத் தடை செய்தது. ஏற்கெனவே நெஞ்சு பறக்கிற பிள்ளைக்குச் "சளிக்கு" என்று இதைக் கொடுத்தால் என்னவாகும்?

இன்னும் கொடியது சுவான்வூ, சாவோவூ எனப்படும் வேர்கள். நம் சித்த மருத்துவத்தின் நாவிக்கிழங்குக்கு, அதாவது வத்சநாபிக்கு, உறவானவை. மூட்டுவலிக்குக் கொடுப்பார்கள். முறைப்படி சுத்தி செய்து நெடுநேரம் அவித்தால்தான் நஞ்சு முறியும். அவிப்பது குறைந்தால் வாய் மரத்து, வாந்தி எடுத்து, இதயம் தறிகெட்டு ஓடி உயிர் போகும். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் ஹாங்காங் ஆஸ்பத்திரிகளில் இப்படிச் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் பல கட்டுரைகள் எழுதினார்கள். "வேர்தானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சை, நாவிக்கிழங்கை அறிந்த நம் பாட்டிமார் பேசமாட்டார்கள்.

அதிமதுரத்தை நினைவில் வைக்கச் சொன்னோம். இடறும் நாடிக்குப் பழைய சீனர் எழுதிய கஷாயத்தின் தலைமைச் சரக்கு அது. நாள்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் அது உடலிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு இடறும். அதோடு, ஆஸ்பத்திரியில் டிஜிட்டாலிஸ் வகை மருந்து சாப்பிடும் பிள்ளைக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகும். தான்ஷென் என்ற சிவந்த வேரும் அப்படித்தான். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர் அதையும் குடித்தால் இரத்தக் கசிவு உண்டாகலாம். தனித்தனியே நல்லவையான இரண்டு, வயிற்றுக்குள் சந்தித்தபின் என்ன செய்யும் என்பதை மூலிகைக் கடைக்காரரும் அறியமாட்டார், டாக்டரும் அறியமாட்டார். இரண்டையும் கொடுப்பது தாய் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தால்.

அடுத்து, பிள்ளைகளுக்கு இதயத்துடிப்பு ஏன் தவறுகிறது? எல்லாம் நோயல்ல. மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் துடிப்பது பிள்ளைகளுக்கு இயற்கை. காய்ச்சலிலும் பயத்திலும் வேகம் கூடும். இரத்தசோகை இருந்தால் கூடும். வெறுங்காலோடு நடந்து கொக்கிப்புழு ஏறிய நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி இளைத்து நின்றார்கள்! இந்த இடத்தில் உணவு உண்மையாகவே மருந்து. பூச்சி மருந்தோடு முருங்கைக்கீரை, பயறு, முட்டை, நெத்திலி, ஈரல் கொடுத்தால் இரத்தம் ஊறும், படபடப்பும் அடங்கும். சோற்றோடு சோறாகக் கெட்டித் தேநீர் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் விடவேண்டும். இரும்புச்சத்து உடலில் சேராமல் அது தடுத்துவிடும்.

சில பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டு வீங்கி, கடைசியில் இதய வால்வு கெடும். வாதக் காய்ச்சல் என்ற அந்த நோய்க்குப் பென்சிலின் ஊசியை மாதந்தோறும் ஆண்டுக் கணக்கில் போட வேண்டும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது பெரிய தவறு. இன்னும் சில பிள்ளைகளுக்கு இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் பாதையே பிறவியில் ஒன்றுக்கு இரண்டாக அமைந்திருக்கும். வீட்டில் மின்சாரக் கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தால் விளக்குக்கு நல்ல எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, இதுவும் அப்படியே. சோறும் வேரும் அந்தப் பாதையை மாற்றா. மருந்து உண்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அந்தத் தவறான பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சையும் உண்டு.

எது எந்த வகை என்று சொல்வது இ.சி.ஜி. கருவி. அதைச் செய்த ஐந்தோவன் 1860-ல் பிறந்தது ஜாவாவின் செமாராங் பட்டணத்தில். 1924-ல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளையின் நெஞ்சிலும் கை கால்களிலும் சிறு ஒட்டுகளை ஒட்டி, சில நிமிடங்களில் துடிப்பைக் காகிதத்தில் எழுதிவிடும்; வலி இல்லை. விளையாட்டின் நடுவே மயங்கி விழுந்த பிள்ளை, படபடப்போடு நெஞ்சு வலிக்கிறது என்ற பிள்ளை, இளம் வயதில் திடீரென்று இறந்தவர் உள்ள குடும்பத்துப் பிள்ளை, இவர்களுக்கு இந்தச் சோதனை தாமதமின்றி வேண்டும். பால் குடிக்காமல் வியர்த்து மூச்சிரைக்கும் கைக்குழந்தையை அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சீனர் மருந்துக் கடைக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டோம். போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். 1992 முதல் பாரம்பரிய மருந்துகளை அரசாங்கம் பதிவு செய்து வருகிறது. டப்பாவில் அடைத்து விற்கும் மருந்தில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்ற எழுத்தோடு முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தரும் வேர்களுக்கு அந்த எண் இராது. எனவே, பிள்ளைக்கு இதயக் கோளாறு உண்டு என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னின்ன ஆஸ்பத்திரி மருந்து சாப்பிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் கஷாயத்தை மறைக்க வேண்டாம். ஏசுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. ஏசினால் ஏசட்டும், ஒரு வினாடிப் பேச்சு. வேரின் பெயர் தெரியாவிட்டால் மிச்சமுள்ள பொட்டலத்தையும், கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீனச் சீட்டையும் அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஈப்போ ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு தாதியோ டாக்டரோ எப்படியும் இருப்பார்.